கொஞ்சமும் இல்லை, கொஞ்சமல்ல: சிறு அளவைச் சொற்களின் வரலாறு குறித்து

1

பெரிய சொற்களைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. அதிகாரம், அடையாளம், மையம், விளிம்பு என ஒவ்வொன்றுக்கும் சிறப்பிதழ் போட்டாயிற்று. கூட்டம் நடத்தி, சண்டை போட்டு, இரண்டாகப் பிரிந்தும் போயாயிற்று. ‘கொஞ்சம்’, ‘சற்று’, ‘ஓரளவு’, ‘துளி’ போன்ற சின்னச் சொற்கள் மட்டும் இன்னமும் இலக்கண வாத்தியார் கையிலேயே இருக்கின்றன. அவரும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். இந்தச் சொற்கள் எதையும் அளப்பதில்லை என்பதே இங்கே என் வாதம். அளக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன.

ஆங்கிலத்திலிருந்தே தொடங்கலாம். அங்கே ‘லிட்டில்’ என்றும் ‘எ லிட்டில்’ என்றும் இரண்டு உண்டு. சொல் ஒன்றுதான், முன்னால் ‘எ’ என்ற ஆர்ட்டிகிள் ஒன்றில் இல்லை, மற்றொன்றில் இருக்கிறது. ‘எ’ இருந்தால் பொருள் ‘இருக்கிறது’ பக்கம் சாய்கிறது. எடுத்துவிட்டால் ‘இல்லை’ பக்கம். ‘ஃப்யூ’, ‘எ ஃப்யூ’ இரண்டுக்கும் இதே கதைதான். பானையில் இருப்பது அதே ஒரு படி அரிசி. கொடுத்தவன் ‘எ லிட்டில்’ என்பான். நாலு பேருக்கு உலை வைக்க வேண்டியவள் ‘லிட்டில்’ என்பாள். இரண்டும் ஒரே அளவு, இரண்டும் உண்மை.

இந்த வித்தியாசம் நம் ஊருக்கு வந்த வழி தெரிந்ததுதான். 1835இல் மெக்காலே குறிப்பு. கோயமுத்தூரில் இன்றைய அரசு கலைக் கல்லூரியின் முன்னோடியான பள்ளி 1852இல் தொடங்கியது. ஸ்டேன்ஸ் பள்ளி 1862இல். அப்புறம் 1930களில் ரென் அண்ட் மார்ட்டின் வந்தது. முதலில் இந்தியாவில் இருந்த ஐரோப்பியப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்த இலக்கணம், பிறகு நம் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆங்கிலத்தின் சட்டப் புத்தகமாகவே ஆயிற்று. அதில் ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’, ‘த லிட்டில்’ மூன்றையும் பிரித்துக் காட்டும் பகுதி உண்டு. முதலாவது எதிர்மறை, இரண்டாவது உடன்பாடு, மூன்றாவது ‘அதிகமில்லை, ஆனால் உள்ளது அவ்வளவுதான்’.

டியூட்டோரியலில் நான் இந்தப் பாடத்தைப் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். ‘பாட்டிலில் ------ தண்ணீர் இருக்கிறது’ என்று ஒரு பயிற்சி. ‘எ லிட்டில்’ போட்டால் மார்க், ‘லிட்டில்’ போட்டால் பூஜ்யம் என்று விடைத்தாள் சொல்லும். யாருக்குத் தாகம், எத்தனை பேருக்குத் தாகம், அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்பது தெரியாமல் அந்தக் கோட்டை நிரப்பவே முடியாது. பேசுகிற ஆளை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டு, ‘சரியான விடை’யை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பல்லடம் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு தடவை கேட்டான்: “அப்ப ‘லிட்டில்’ங்கறது, இல்லைன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டுட்டுச் சொல்றதுங்களா சார்?” அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

மொழியியல் இதைச் சொல்லாமலில்லை. எட்வர்ட் சப்பீரின் தரப்படுத்தல் பற்றிய கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1944இல் வெளிவந்தது. எண்ணுவதற்கும் அளப்பதற்கும் முன்னால் மனிதன் ஒப்பிடுகிறான். ‘அதிகம்’, ‘குறைவு’ எல்லாம் சொல்லப்படாத ஓர் அளவுகோலிலிருந்தே பிறக்கின்றன என்பது அதன் சாரம். 1985இல் க்வெர்க்கும் அவர் கூட்டாளிகளும் எழுதிய பேரிலக்கணம், அளவைத் தணிக்கும் சொற்களை நான்கு வகையாக்கியது: கிட்டத்தட்ட அங்கே சேர்ப்பவை, சமரசம் செய்பவை, குறைப்பவை, ஒன்றுமில்லாத அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்துபவை. வகைப்பாடு சுத்தமானது. ஆனால் ‘சமரசம்’ யாருக்கும் யாருக்கும் இடையில் என்ற கேள்வி அதற்குள் இல்லை.

2

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. அப்படியானால் ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ வித்தியாசத்தை நாம் எதை வைத்துச் செய்கிறோம்? இடைச்சொல்லை வைத்து. ‘சிலர் வந்தார்கள்’, ‘சிலரே வந்தார்கள்’. ஒரே ஓர் ஏகாரம் கூட்டத்தின் வெற்றியைத் தோல்வியாக்கிவிடுகிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் உம்மைக்கு எட்டுப் பொருளும் சொல்கிறது. வீட்டில் பேசும்போது இந்த வேலையைத் ‘தான்’ பார்த்துக்கொள்கிறது: ‘கொஞ்சம் இருக்கு’, ‘கொஞ்சந்தான் இருக்கு’.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. ட்வைட் போலிங்கர் அளவைச் சொற்களைப் பற்றி 1972இல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். ஆங்கிலத்தில் ‘எ பிட்’, ‘எ லிட்டில்’ இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முன்னால் ‘நாட்’ சேர்த்தால் எதிரெதிர்த் திசையில் ஓடும். ‘நாட் எ பிட்’ என்றால் துளியும் இல்லை. ‘நாட் எ லிட்டில்’ என்றால் நிறைய. ஆங்கிலம் படிக்கிறவனுக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்கு. நமக்கு அப்படியில்லை. ‘அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை’, ‘அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல’. முதலாவது சுத்தமாக இல்லை, இரண்டாவது ஏராளம். ‘இல்லை’ இருப்பை மறுக்கிறது. ‘அல்ல’ அந்தப் பெயரையே மறுக்கிறது: நீ இதைக் ‘கொஞ்சம்’ என்று அழைக்காதே என்கிறது. ஆங்கிலம் இரண்டு பெயர்ச்சொற்களிடம் ஒப்படைத்த வேலையைத் தமிழ் இரண்டு மறுப்புகளிடம் ஒப்படைத்திருக்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பழைய இலக்கணத்தில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மிகுதியைச் சொல்ல உறு, தவ, நனி என்று மூன்று உரிச்சொற்களைத் தொல்காப்பியம் தருகிறது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது. குறைவுக்கு வரும்போது தொல்காப்பியம் தருவது ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் என்ற நான்கு. இருப்பது மெல்ல மெல்ல நுணுகிப் போவதை அவை சொல்கின்றன. மிகுதி அடைமொழியாக நிற்கிறது, குறைவோ நிகழ்ச்சியாக நடக்கிறது. ‘சிறிது’, ‘சில’ எல்லாம் அன்றும் மொழியில் இருந்தனதான். ஆனாலும் இந்தப் பட்டியல் எனக்கு ஒரு நினைப்பைத் தருகிறது: குறைவு என்பது ஒரு நிலை ஆவதற்கு முன்னால் ஒரு செயல். ஏதோ ஒன்று குறைகிறது, அல்லது யாரோ குறைக்கிறார்கள்.

‘கொஞ்சம்’ என்ற சொல் தனிச் சொத்தும் அல்ல. தெலுங்கில் ‘கொஞ்செம்’, கன்னடத்தில் ‘கொஞ்ச’. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் அடுத்தடுத்து உள்ள கோயமுத்தூர்த் தெருவில் மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல் இது. இதன் எதிர்ச்சொல்லில்தான் ஊர்ப் பெருமை இருக்கிறது. ‘நெம்ப’ என்று நாங்கள் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ‘ரொம்ப’ என்று திருத்துவார்கள். ‘நிரம்ப’ என்பதிலிருந்து வந்த இரண்டில், முதல் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது ‘நெம்ப’தான். எது கொச்சை, எது திருத்தம் என்பதையும் எங்கோ ஓர் அளவுகோல் தீர்மானிக்கிறது.

3

இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன? ஆங்கில ‘பிட்’ கடித்த ஒரு வாய். பழைய ஆங்கிலத்தில் கடிப்பதிலிருந்து பிறந்த பெயர் அது. ஃபிரெஞ்சில் இன்று முழு மறுப்பாக நிற்கும் ‘பா’ ஒரு காலத்தில் ‘ஓர் அடி’. ‘ஓர் அடியும் நடக்கவில்லை’ என்பதிலிருந்த அடி, நடையை விட்டு எல்லா வினைகளுக்கும் பரவிவிட்டது. ரொட்டித் துணுக்கு, புள்ளி, துளி எல்லாமே ஃபிரெஞ்சு மறுப்பில் வேலை பார்த்திருக்கின்றன. மறுப்புச் சொல் தேய்வதும், அதைத் தாங்க ஒரு சின்னப் பொருள் துணைக்கு வருவதும், அந்தத் துணையே மறுப்பாகிவிடுவதுமான இந்தச் சுழற்சியை டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் விவரித்தார்.

நம் பேச்சில் இந்தச் சின்னப் பொருள்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் களம் உண்டு. தண்ணீருக்குச் சொட்டு அல்லது பொட்டு: ‘பொட்டுத் தண்ணி இல்ல’. சோற்றுக்குப் பருக்கை. தங்கத்துக்குக் குண்டுமணி. சந்தேகத்துக்கு எள்ளளவு. துல்லியத்துக்கு இம்மி. இந்த ‘இம்மி’ வெறும் அலங்காரமன்று. பழைய கீழ்வாய்க் கணக்கில் முந்திரி 320இல் ஒன்று; கீழ்முந்திரி 1,02,400இல் ஒன்று; அதையும் 21ஆக வகுத்தால் இம்மி, அதாவது 21,50,400இல் ஒன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைக் கத்திப் படித்த காலம் போனபின் எண் மறந்துபோய், ‘இம்மியும் பிசகாது’ என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அளவு தெரியாததால் நம் ஆட்கள் ‘கொஞ்சம்’ என்று சொல்லவில்லை என்பதற்கு இது சாட்சி. முந்திரிக்கும் காணிக்கும் மாகாணிக்கும் தனிப்பெயர் வைத்த சமூகம் இது. வள்ளம், படி, உழக்கு, ஆழாக்கு என்று தானியம் அளக்கக் களத்திலேயே பாத்திரங்கள் இருந்தன. அளவு வேறு, அளப்பவர் வேறு. நிலவரியையும் வாரத்தையும் எழுதும்போது பின்னம் பிசகாது. களத்துமேட்டில் கூலிக்காரி மடியை விரிக்கும்போதுதான் ‘கொஞ்சம் சேத்திப் போடுங்க’ என்ற சொல் வேண்டியிருந்தது. படி இருந்தது, அது அவள் கையில் இல்லை.

4

அளவுகோல் யார் கையில் என்பதை இந்த வட்டாரம் மிகக் கொடூரமாகத் தெரிந்துகொண்டது 1876–78 பஞ்சத்தில். ஊர்ப்பேச்சில் அது தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் அடிபட்ட மாவட்டங்களில் கோயமுத்தூரும் சேலமும் உண்டு. வைஸ்ராய் லிட்டன் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பியவர் ரிச்சர்ட் டெம்பிள். 1873–74இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மா அரிசியை இறக்குமதி செய்து உயிர்களைக் காப்பாற்றியவர், அதற்காகவே ‘அளவுக்கு மீறி’ செலவழித்தார் என்று திட்டு வாங்கியவர். ‘அளவுக்கு மீறி’ என்பதும் ஓர் அளவைச் சொல்தான். சாவு குறைந்ததைக் கணக்கில் வைக்காத ஓர் அளவுகோலிலிருந்து பிறந்தது அது.

1877 ஜனவரியில் அவர் நிர்ணயித்த நிவாரணக் கூலி ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடச் சில்லறைக் காசு. கிட்டத்தட்ட 450 கிராம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. நாள் முழுக்க மண் வெட்டும், கல் சுமக்கும் வேலைக்கு இது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார்: ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும். மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு.

ஒரு பவுண்டுக்கும் ஒன்றரைப் பவுண்டுக்கும் நடுவே, இரண்டு வெள்ளை அதிகாரிகளுக்கு இடையில் நடந்த கடிதப் போர்தான் ஆவணங்களில் நிற்கிறது. ‘ஒரு பவுண்டு கொஞ்சமா, போதுமா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கக்கூடிய லட்சக்கணக்கான ஆட்கள் அந்த இலக்கணத்தில் பேசுபவர்களாகவே இல்லை. அவர்கள் அளக்கப்பட்டவர்கள். ‘பாட்டிலில் ------ தண்ணீர்’ என்ற பயிற்சியின் நிஜமான வடிவம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1880இன் பஞ்சக் குழுவும் அதற்கு அடுத்து வந்த பஞ்ச விதித்தொகுப்பும் ‘தட்டுப்பாடு’, ‘பஞ்சம்’ என்று படிநிலைகளை வகுத்தன. எது எப்போது எதுவாக மாறும் என்று அறிவிக்கும் பேனா சர்க்காரிடமே இருந்தது.

இந்த இலக்கணம் உடைந்த இடம் ஒன்றும் கோயமுத்தூரில்தான் இருக்கிறது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை; 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக எழுந்த பஞ்சாலைகள். அந்த ஆலைகளில் தொழிற்சங்கம் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று, விலைவாசிக் குறியீட்டு எண்ணோடு கட்டிப்போட்ட படி. அதற்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் பஞ்சப்படி. ‘அகவிலைப்படி’ என்று பிறகு சுத்தம் செய்யப்பட்ட சொல்லில் இந்த நினைவு இல்லை. முதலாளியிடம் ‘கொஞ்சம் ஏத்திக் குடுங்க’ என்று கேட்பதற்கும், குறியீட்டு எண் இத்தனை புள்ளி ஏறினால் இத்தனை காசு ஏற வேண்டும் என்பதற்கும் உள்ள தூரம் சாதாரணமானதன்று. முன்னது விண்ணப்பம், பின்னது கணக்கு. படி கைமாறிய தருணம் அது. முழுசாக மாறியதென்று சொல்லமாட்டேன். குறியீட்டு எண்ணுக்குள் எந்தப் பண்டம், எவ்வளவு என்ற சண்டை தொடர்ந்துகொண்டுதான் இருந்தது.

5

ஆலை வாசலிலிருந்து தோட்டத்துச் சாளைக்கு வரலாம். மொழியில் மரியாதை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி உலகெங்கும் இன்று மேற்கோள் காட்டப்படும் கோட்பாடு பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதியது. 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் புத்தகமாகவும் வந்தது. அது மூன்று மொழிகளின் மேல் கட்டப்பட்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் ஸெல்டால், மூன்றாவது கோயமுத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழ். நம் தோட்டத்துப் பேச்சு கேம்பிரிட்ஜ் போய்ப் பொதுக் கோட்பாடாகித் திரும்பியிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் அது ஆங்கில உதாரணங்களோடு மட்டுமே பாடமாகிறது என்பது தனி வேடிக்கை.

அவர்கள் சொல்வது இதுதான். ஒருவரை ஒரு வேலை செய்யச் சொல்வது அவர் முகத்துக்கு நேரும் சிறு ஆபத்து. அதைத் தணிக்க, கேட்பது மிகச் சின்ன விஷயம் என்பதுபோலப் பேசுகிறோம். ‘ஒரு நிமிஷம்’, ‘ஒரு வாய்’, ‘கொஞ்சம்’. ‘கொஞ்சம் வாங்க’ என்றால் பாதி தூரம் வா என்று பொருளில்லை; அங்கே ‘கொஞ்சம்’ தொந்தரவின் அளவைக் குறைத்துக் காட்டுகிறது. எவ்வளவு தணிக்க வேண்டும் என்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: இருவருக்கும் உள்ள இடைவெளி, கேட்பவர் மேல் மற்றவருக்குள்ள அதிகாரம், கேட்கப்படும் காரியத்தின் கனம்.

சூத்திரம் அழகாக இருக்கிறது. ஆனால் அதிகாரம் அதில் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட ஓர் எண். லெவின்சனே 1982இல் மேற்குத் தமிழ்நாட்டின் சாதி வரிசை பற்றி எழுதியபோது, யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பதில் அந்த வரிசை எப்படித் தெரிகிறது என்று ஆராய்ந்தார். அங்கே எண்ணுக்குப் பின்னால் ஆட்கள் தெரிகிறார்கள். நான் கேட்க விரும்புவது வரலாற்றுக் கேள்வி: ‘கொஞ்சம்’ எப்போது யாருக்குத் தேவைப்பட்டது?

பழைய பண்ணையத்தில் அது ஒருவழிச் சொல். “பண்ணாடி, கூலியக் கொஞ்சம் சேத்திக் குடுங்க சாமி” என்பான் மாதாரி. எதிர்த் திசையில் வருவது “போய்த் தண்ணி கட்டுடா” என்ற வெறும் ஏவல்; அதில் தணிக்க ஒன்றுமில்லை. பிறகு திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகியது. இளவட்டங்கள் கம்பெனி வேன் ஏறிப் போனார்கள். 2005 சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலை, போகாமல் ஊரில் மிஞ்சியவர்களுக்கும் ஒரு மாற்றுக் கூலியைக் காட்டியது. இப்போது தோட்டக்காரர் வளவுக்கு வந்து நின்று சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்: “நாளைக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போங்க.” சொல் திசை மாறிவிட்டது. அவர் மனம் மாறியதால் என்று நான் நம்பவில்லை. ஆள் கிடைக்காததால். மரியாதையின் இலக்கணத்துக்கு அடியில் கூலிச் சந்தை இருக்கிறது.

ஆனால் எல்லா ‘கொஞ்ச’மும் இப்படி வென்றெடுத்தவை அல்ல. ‘கொஞ்சம் தள்ளி நில்லு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ‘கொஞ்சம்’ தூரத்தின் அளவா? எத்தனை அடி என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். பரம்பரையாக அளந்து வைத்த தூரம் அது. கேட்பவரின் முகத்தைக் காக்க வந்த தணிப்பா? அவர் முகத்தைப் பறிப்பதற்காகவே சொல்லப்படும் வாக்கியத்தில் அதற்கு வேலையில்லை. அங்கே ‘கொஞ்சம்’ காப்பாற்றுவது சொல்பவரின் முகத்தை. தான் நாகரிகமாகத்தான் சொன்னேன் என்று அவர் தனக்கே சொல்லிக்கொள்ள உதவுகிறது. டீக்கடையில் இரட்டைக் குவளை போய்ப் பேப்பர் கப் வந்ததும் இதே இலக்கணம்தான். குவளை மாறியது, பிரிவினை ‘கொஞ்சம்’ மென்மையானது. கேட்பவர் பக்கமிருந்து மரியாதையை எழுதியிருந்தால், இந்த உதாரணம் கோட்பாட்டின் முதல் அத்தியாயத்திலேயே வந்திருக்கும்.

வொலோஷினோவ் 1929இல் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தும்: ஒரே குறியை வெவ்வேறு வர்க்கங்கள் பயன்படுத்தும்போது அந்தக் குறிக்குள்ளேயே மோதல் நடக்கிறது. நாம் அதைச் ‘சுதந்திரம்’, ‘தேசம்’ போன்ற பெரிய குறிகளில் தேடிக்கொண்டிருந்தோம். மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களுக்குள் அது இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

6

இதிலிருந்து எழுதுகிறவர்களுக்கும் இயக்கக்காரர்களுக்கும் இரண்டு காரியங்கள் உண்டு என்று நினைக்கிறேன்.

ஒன்று, நம் அறிக்கைகளை எடுத்து வைத்துச் சிறு சொற்களை மட்டும் அடிக்கோடிடலாம். ‘ஓரளவு முன்னேற்றம்’, ‘சில அசம்பாவிதங்கள்’, ‘சற்றே கவலையளிக்கிறது’, ‘சிறு சலசலப்பு’. யாருடைய அளவுகோலில் ஓரளவு? அடிபட்டவர் இருந்த கூட்டத்தில் இந்த வாக்கியம் வாசிக்கப்பட்டதா? மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆங்கில அறிக்கையின் ‘லிட்டில்’ எல்லாம் தமிழில் ‘சிறிதளவு’ என்று வந்து விழும்போது, ‘இல்லை’ என்று சொன்னது ‘இருக்கிறது’ என்று ஆகிவிடுகிறது.

இரண்டு, கோரிக்கையின் இலக்கணம். ‘கொஞ்சமும் இல்லை’ என்பது வறுமையின் வாக்கியம். அதை நாம் நன்றாக எழுதப் பழகியிருக்கிறோம். நம் யதார்த்தவாதக் கதைகள் பாதி அந்த வாக்கியத்தின் விரிவுரை. ‘கொஞ்சமல்ல’ என்பது வேறு வாக்கியம். எதிராளி வைத்த பெயரை மறுத்து, அவன் அளவுகோலைக் கையிலிருந்து பிடுங்கும் வாக்கியம். நாங்கள் இழந்தது கொஞ்சமல்ல, கேட்பதும் கொஞ்சமல்ல. அப்படிச் சொன்னதோடு வேலை முடிவதில்லை. பஞ்சப்படி கேட்டவர்கள் செய்ததுபோல, எவ்வளவு என்று எண்ணால் சொல்ல வேண்டும். அந்த எண்ணை நாமே அளந்து வைத்திருக்க வேண்டும்.